பொறுப்புள்ள சோயாவும் நானூறு பொட்டும்

'பொறுப்பு' என்ற சொல்லை ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் உச்சரிப்பவர்களிடம் எதையும் நம்பி ஒப்படைக்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன். இருபத்து மூன்று வயதில், ஒரு மாத காலம், நான் அப்படித்தான் திரிந்தேன். பொறுப்பாக நடந்தேன், பொறுப்பாகத் தும்மினேன். அதன் முடிவில் விம்கோ நகரில் ஒரு குடோனுக்குள் நின்று, ஒரு ஜெர்மன்காரப் பெண்மணியிடம், பூனைக்குப் பொறுப்பு உண்டா இல்லையா என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்போது நான் விம்கோ நகர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ஒரு சோயா உருண்டைக் கம்பெனியில் 'குவாலிட்டி கன்ட்ரோல்'. (ஏதோ பெரிய இலாகா என்று நினைக்க வேண்டாம். ஒரு மேசை, ஈரப்பதம் பார்க்கும் ஒரு கருவி, நான்.) ஊரில் எல்லோரும் மீல் மேக்கர் என்கிறார்களே, அந்த உருண்டைதான். சோயா பீன்ஸை எண்ணெய் நீக்கி மாவாக்கி, மெஷினில் அழுத்தி, உருண்டையாகத் துப்ப வைப்போம். துப்பியது கடினமாக இருக்கிறதா, மெத்தென்று இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

ராயபுரத்தில், மீன் வாசத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் இந்த உருண்டைக்கு ஒரு மரியாதையும் கிடையாது. நைனா காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின்களுக்கு மெக்கானிக். முதல் மாதம் நான் பெருமையாக ஒரு பாக்கெட் கொண்டு வர, அம்மா குருமா வைத்தார். நைனா ஒன்றை வாயில் போட்டு, இந்தப் பக்கம் மென்று, அந்தப் பக்கம் மென்று, கடைசியில் தட்டோரமாக எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்: "இன்னா மெர்சி, கம்பெனில இன்னா செய்றாங்கோ? எஞ்சினுக்குப் போட்ற ரப்பர் கேஸ்கெட்டா?"

இந்த நிலையில்தான் ஜெர்மனியிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது.

கறி சாப்பிடாதவர்களுக்குக் கறி மாதிரியே ஏதோ செய்து விற்கும் ஒரு கம்பெனி அது. எங்கள் உருண்டை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் நிபந்தனை இருந்தது. சோயா விளைந்த நிலம் காட்டை அழித்து உண்டாக்கியதாக இருக்கக் கூடாது. வயலில் பிள்ளைகளை வேலை வாங்கியிருக்கக் கூடாது. தடை செய்த மருந்து தெளித்திருக்கக் கூடாது. விளைவித்தவருக்கு நியாயமானது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இத்தனையும் சரிபார்த்த சோயா, வயலிலிருந்து எங்கள் மெஷின் வாய் வரை, வேறெந்தச் சோயாவோடும் ஒரு மணி கூடக் கலக்காமல் வந்து சேர வேண்டும். அப்படிப்பட்ட சோயாவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர், 'ரெஸ்பான்சிபிள் சோயா'.

முதலாளி தனசேகர் சார் தண்டையார்பேட்டைக்காரர். நல்ல மனிதர், ஆனால் சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் ஒரே சத்தம்தான். ஃபேக்ஸைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"மெர்சி, நீதான் இங்கிலீஷ் படிச்ச பொண்ணு. இத்த அப்படியே நம்ம லேடீசுக்கு வெளக்கிச் சொல்லு. இந்த ஆர்டர் வந்துச்சுன்னா செகண்ட் ஷிப்ட் பொம்பளைங்க பன்னெண்டு பேரையும் கம்பெனி ரோல்ல போட்டுர்றேன். வரலேன்னா இருக்கிற ஷிப்டே ஓடாது. உன் ஆறு மாச கெடுவும் இந்த மாசம் முடியுது, ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இல்லாமலா? நான் தற்காலிகம். அந்தப் பன்னிரண்டு பேரும் தினக்கூலி. வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் கிளம்பி வந்து, வேலை இருந்தால் உள்ளே, இல்லையென்றால் கேட்டிலேயே திரும்பிப் போகிறவர்கள். கம்பெனி ரோல் என்றால் அவர்களுக்கு ஈ.எஸ்.ஐ., பி.எஃப்., தீபாவளிக்குச் சம்பளத்தோடு லீவு. எனக்கோ, வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க, வேலை நிரந்தரம் என்று ஒரு காகிதம்.

ஆகவே நான் வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். டிபன் முடிந்த கையோடு எல்லோரையும் உட்கார வைத்து, கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: பொறுப்புள்ள சோயா.

மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. கன்னியம்மாக்கா. பன்னிரண்டு பேருக்கும் தலைவி, நாற்பத்தைந்து வயது, மூட்டை வாயைப் பிரிப்பதில் மின்னல்.

"எங்க வூட்டுக்காரருக்கே பொறுப்பு கெடையாது. பயிறுக்கு இன்னா பொறுப்பும்மே?"

கூடம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பொறுப்பானவர்கள் சிரிக்க மாட்டார்கள் அல்லவா? காடு, பிள்ளைகள், மருந்து என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். மருந்து விஷயம் அவர்களுக்கு உடனே பிடித்துவிட்டது. "அப்ப அதான் நல்ல பயிறு, மத்தது அல்லாம் கலீஜ்" என்று கன்னியம்மாக்கா ஒரே வரியில் முடித்து வைத்தார். நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஜெர்மனியிலிருந்து இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்கள் 'யார் எதற்குப் பொறுப்பு?' என்று கேட்பார்கள். அப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. பட்டென்று கை தூக்கி, 'இதற்கு நான் பொறுப்பு' என்று சொல்ல வேண்டும். வாயை மூடி நின்றால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும் என்று ஒரு மாதம் தினமும் ஓதினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல ஒத்திகை கூடப் பார்த்தோம்.

மத்தியப் பிரதேசத்தில் ஒரு விவசாயிகள் குழு அந்த நல்ல சோயாவை அனுப்பியது. தனி லாரியில் அறுபது மூட்டை வந்து இறங்கியது. குடோனில் ஏற்கெனவே முந்நூற்று நாற்பது மூட்டை சாதாரண சோயா இருந்தது. எல்லாம் ஒரே சணல் மூட்டை, ஒரே பருமன். அறுபதையும் தனியாக அடுக்கி, அழகாக அட்டைச் சீட்டு அச்சடித்து, மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒரு சீட்டு இல்லை. எலிகள் மைதாப் பசையோடு சேர்த்து என் அச்சடித்த ஆங்கிலத்தையும் தின்று தீர்த்திருந்தன. (குடோனில் பூனை ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்ல அதிகம் இல்லை.)

இன்ஸ்பெக்ஷனுக்கு இரண்டே நாள் இருந்தது. அன்று சாயங்காலம் என் மூளையில் ஒரு யோசனை உதித்தது. தீயணைப்பு வாளிகளுக்கு அடித்தது போக மீதி சிவப்பு பெயின்ட் ஒரு டப்பாவில் இருந்தது. ஒரு டானிக் பாட்டில் மூடியை அதில் தோய்த்து, அறுபது மூட்டைக்கும் நடு முகத்தில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தேன். எலி தின்னாது, மழையில் கரையாது, தூரத்திலிருந்தே தெரியும். 'சிவப்புப் பொட்டு = ரெஸ்பான்சிபிள்' என்று டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, ஃபைலில் வைத்து, ஃபைலை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். பொட்டுக்கு அர்த்தம் என்ன என்று ஃபைலுக்குத் தெரியும், டிராயருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேறு ஒரு ஜீவனுக்கும் நான் சொல்லவில்லை. பெயின்ட் டப்பாவையும் மூடியையும் மூட்டை மேலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் என் சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம், அதனால் லீவு. கம்பெனியில் ஆயுத பூஜை.

அது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வடசென்னையில் ஆயுத பூஜை தெரியாமல் ஒருத்தி வளர முடியுமா? நான் சர்ச்சுக்குப் போகிறவள்தான், ஆனால் எங்கள் தெருவில் மெக்கானிக் ஷெட் முதல் ரிக்‌ஷா வரை எதற்குப் பூஜை போட்டுப் பொரி கொடுத்தாலும் முதல் ஆளாகக் கை நீட்டியவளும் நான்தான். அன்றைக்கு மனிதன் கையால் தொட்டு வேலை செய்யும் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பார்கள் என்பது மூன்று வயதிலிருந்து எனக்குத் தெரியும். தெரிந்தும், என் தலைக்குள் ஒரு அறையில் அந்த விஷயமும் இன்னொரு அறையில் என் சிவப்புப் பொட்டும் ஒன்றையொன்று பார்க்காமல் உட்கார்ந்திருந்தன.

அதற்கடுத்த நாள் விஜயதசமி. புது ஆர்டருக்கு நல்ல நாள் என்று முதலாளி அன்றைக்கே இன்ஸ்பெக்ஷனை வைத்துக்கொண்டார். நான் நேராகக் கம்பெனிக்குப் போகவில்லை. அம்பாசடர் காரில் பாரிமுனைக்குப் போய், ஹோட்டலிலிருந்து ஜெர்மன் விருந்தாளியை அழைத்து வரும் வேலை எனக்கு. உயரமான பெண்மணி, வெள்ளை முடி, பெரிய நோட்டுப் புத்தகம், முகத்தில் சிரிப்பு. கை குலுக்கித் தன் பெயரைச் சொன்னார். இன்னா.

கெட்ட சகுனம் என்றால் அதுதான். இன்னா என்பது அவர்கள் ஊரில் பெயர். எங்கள் ஊரில் அது மூச்சு.

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன. அந்த நெரிசலில் ஒன்றே கால் மணி நேரம் என் திட்டத்தைப் பற்றி அவருக்குச் சொற்பொழிவு ஆற்றினேன். "எங்கள் கம்பெனியில் சிவப்புப் பொட்டு இருந்தால் அது பொறுப்புள்ள சரக்கு, மேடம். ஒரு சின்னக் குழந்தை கூடக் கண்டுபிடித்துவிடும்." இன்னா முன்னால் பார்த்தார். காரின் பானட்டில், சந்தனத்தின் நடுவே, பெரிய சிவப்புப் பொட்டு. "அப்படியென்றால் இந்தக் கார்?" என்று கேட்டார். நான் செல்லமாகச் சிரித்து, "அது பூஜைக்கு வைத்தது, மேடம். அது வேறு" என்றேன்.

அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. முன்னாலும் பின்னாலும் நின்ற லாரிகளின் நெற்றியிலெல்லாம் பொட்டு. அவற்றைக் காட்டி, எங்கள் பண்பாட்டின் சிறப்பைப் பற்றி வேறு பேசிக்கொண்டு வந்தேன்.

கம்பெனி வாசலில் வாழைக்கன்று, மாவிலை, உடைத்த பூசணிக்காய். பன்னிரண்டு பேரும் நல்ல புடவையில் வரிசையாக நின்றார்கள். கன்னியம்மாக்கா ஒரு தொன்னையில் சுண்டலை நீட்டினார். இன்னா அங்கேயே நின்று சாப்பிட்டார், மிகவும் நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது தொன்னையும் வாங்கிக்கொண்டார். கன்னியம்மாக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. என்னிடம் கேட்டார்:

"அந்தம்மா பேரு இன்னா?"

"ஆமாக்கா."

"இன்னா ஆமா? பேரு இன்னான்னு கேட்டேன்."

"அதான்க்கா. இன்னா."

"அத்தாம்மே நானும் கேக்கறேன், இன்னா?"

தன் பெயரை இத்தனை தடவை அன்போடு யாரும் அழைத்ததில்லை போலிருக்கிறது. விருந்தாளி கை கூப்பி, "யெஸ்! இன்னா!" என்றார்.

கன்னியம்மாக்கா திகைத்து என்னைப் பார்த்தார். "இன்னாம்மே, மெய்யாலுமே நம்ம பாஷ பேசுது?"

இன்னா மறுபடியும் "யெஸ்?" என்றார். அதற்குப் பிறகு நிலைமை கட்டுக்கு அடங்கவில்லை. எங்கள் கம்பெனியில் மூன்று வார்த்தைக்கு ஒரு வார்த்தை இன்னா. "இன்னா, தண்ணி வந்துச்சா?" என்று ஒருத்தி கேட்டால் இவர் திரும்புவார். "இன்னா ஷோக்கா கீது பாரு அந்தம்மா கவுனு" என்று இன்னொருத்தி சொன்னால் இவர் திரும்பிக் கை ஆட்டுவார். மெஷின் ஹாலைக் கடப்பதற்குள் பாவம், அவருக்குக் கழுத்துச் சுளுக்கு வந்திருக்கும்.

குடோன் வாசலுக்கு வந்தோம். எங்கள் பின்னால் முதலாளி, அவர் பின்னால் பன்னிரண்டு பேர். நான் ஒரு நாடகக்காரியைப்போலக் கதவைத் தள்ளி, "பாருங்கள் மேடம், சிவப்புப் பொட்டு!" என்றேன்.

பார்த்தோம்.

தரை கழுவிப் பளபளவென்று இருந்தது. மூட்டைகள் எல்லாம் இடம் மாறி, சுவரோடு சுவராகப் புதிதாக அடுக்கியிருந்தன. நானூறு மூட்டை. (எண்ணிப் பார்க்கவில்லை.) அத்தனையிலும் நடு முகத்தில், அதே டானிக் பாட்டில் மூடி அளவில், அதே சிவப்புப் பொட்டு. மூட்டையோடு நிற்கவில்லை. எடை பார்க்கும் தராசுக்குப் பொட்டு. மின்விசிறி சுவிட்ச் பெட்டிக்குப் பொட்டு. தீயணைப்பு வாளிக்கு, சிவப்பின் மேல் சிவப்பாக, பொட்டு. மூட்டை இறக்கும் கவுஸ் பாய் ஓரமாக நின்று தன் இரும்புக் கொக்கியை என்னிடம் தூக்கிக் காட்டினார். "எனுக்கும் வெச்சுட்டாங்கோ" என்றார் வெட்கத்தோடு. ஜன்னல் திட்டில் பூனை படுத்திருந்தது. நெற்றியில் குங்குமத்தோடு என்னை அலட்சியமாகப் பார்த்தது.

கதவை மறுபடி சாத்திவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் வாய்? அது தனி ஜென்மம். அது தன்பாட்டுக்கு வேலை பார்த்தது.

"இவை எல்லாமே பொறுப்புள்ளவையா?" என்று கேட்டார் இன்னா.

"யெஸ் மேடம்."

"அறுபது என்று எழுதியிருந்தீர்களே?"

"அறுபது... மிகவும் பொறுப்பானவை. மற்றவை ஓரளவுக்குப் பொறுப்பானவை."

"அந்தத் தராசு?"

"எடை விஷயத்தில் அது பொறுப்பானதுதான், மேடம்."

அவர் நிதானமாக ஜன்னல் பக்கம் திரும்பினார். "பூனை?"

"அதற்குப் பொறுப்பே கிடையாது, மேடம்" என்றேன். அன்று காலையிலிருந்து நான் பேசியதில் முழு உண்மை அது ஒன்றுதான்.

இதற்குள் முதலாளிக்கு விஷயம் விளங்கிவிட்டது. தகரக் கூரை அதிர ஒரு கத்து கத்தினார். "எவ பண்ண வேலை இது? யாரு இதுக்குப் பொறுப்பு?"

ஒரு மாதமாக நான் ஓதி ஓதிக் காத்திருந்த கேள்வி. பன்னிரண்டு கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின.

"நான் பொறுப்பு சார்!" என்றார் கன்னியம்மாக்கா, நெஞ்சை நிமிர்த்தி.

"நானும் பொறுப்பு! தோ, இந்த வரிசை அல்லாம் நான் வெச்சது!"

"சார், அவ பொய் சொல்றா. அவ பாதிதான் வெச்சா, கை வலிக்குதுன்னு ஒக்காந்துகினா. மிச்சம் நான்தான்!"

"தராசு நானு சார்! பூனையும் நான்தான்! அத்தப் புடிக்கவே அரை மணி நேரம் ஆச்சு!"

திட்டுவதற்கு வந்த முதலாளியிடம் பன்னிரண்டு பேர் பாராட்டுக்குச் சண்டை போட்டால் அவர்தான் என்ன செய்வார்? நான் கன்னியம்மாக்காவின் கையைப் பிடித்து, கிட்டத்தட்ட அழுதுகொண்டே கேட்டேன்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"இன்னாம்மே இப்டிக் கேக்கற?" (இன்னா திரும்பினார்.) "நாங்க வந்து பாத்தா, நீ முன்னாடி நாளே மூட்டைக்குப் பொட்டு வெக்க ஆரம்பிச்சுக்கீற. சர்ச்சுக்குப் போற பொண்ணு, நம்ம பூஜைக்கி அதுவாவே முன்னால வந்து செஞ்சிக்கீது பாருன்னு எனுக்குக் கண்ணே கலங்கிப் போச்சு. ஆனா ஜெர்மனி மூட்டைக்கி மட்டும் வெச்சுட்டு வூட்டுக்குப் பூட்ட. மத்த மூட்டை அல்லாம் இன்னா பாவம் பண்ணிச்சு? சரி, புள்ளைக்கி டைம் இல்ல, நாம முடிச்சு வுடுவோம்னு நீ வெச்ச அதே பெயின்ட்டு, அதே மூடி. ஒண்ணு கூட கோணலா இல்ல, பாரு."

உண்மை. ஒன்று கூடக் கோணல் இல்லை. என் அறுபதுதான் கொஞ்சம் கோணல்.

என்ன சொல்கிறார்கள் என்று இன்னா கேட்டார். அதற்குமேல் என்னால் பொய்யைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மைதாப் பசை, எலி, டானிக் மூடி, ஆயுத பூஜை, டிராயருக்குள் பூட்டிய ஃபைல். "தப்பு என்னுடையது, மேடம். பொட்டுக்கு என்ன அர்த்தம் என்று இவர்கள் யாருக்கும் நான் சொல்லவில்லை. என்னை வேலையை விட்டு எடுக்கட்டும். ஆனால் இதற்காக ஆர்டரை எடுத்துவிடாதீர்கள். இவர்கள் கூலி வேலையிலிருந்து மேலே வர இது ஒன்றுதான் வழி." இதைச் சொல்லும்போது எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அவமானத்தில் பாதி, பயத்தில் பாதி. பக்கத்தில் கன்னியம்மாக்கா, நான் எதற்கு அழுகிறேன் என்று தெரியாமலே, முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டார்.

இன்னா தன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு, "மூட்டைக்குள் சீட்டு இருக்குமே?" என்றார்.

"என்ன சீட்டு?"

"ஒவ்வொரு மூட்டை வாயிலும் விளைவித்தவர் பெயர் எழுதிய சீட்டு வைத்துத் தைப்பார்கள். அந்த ஊருக்குப் போய் நானே பார்த்தேன். உங்களுக்கும் எழுதியிருந்தார்களே?"

எழுதியிருந்தார்கள். இந்தியில். நமக்குப் புரியாத கடிதத்தைப் புரிந்த மாதிரி தலையாட்டி, துளையிட்டு, ஃபைலில் கோத்து வைத்திருந்தேன். ஒரு மாதம் அந்தச் சோயாவின் பொறுப்பைப் பற்றி வகுப்பெடுத்தவள், ஒரு மூட்டையின் வாயைக் கூடத் திறந்து பார்க்கவில்லை. அன்றைக்குச் செத்துப்போகாமல் நான் எப்படிப் பிழைத்தேன் என்பது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஆனால் நானூறு மூட்டையையும் பிரிப்பது எப்படி? எந்த அறுபதைத் திறப்பது? நான் அதை மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே கன்னியம்மாக்கா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டார்.

"இத்துக்கா இம்மாம் பேஜாரு? ஜெர்மனி மூட்டை எதுன்னு எங்களுக்குத் தெரியாதா? தரை கழுவச் சொல்லோ நாங்கதானே கவுஸ் பாய் கூட நின்னு இடம் மாத்தினோம். இந்த வரிசை முனியம்மா பொட்டு, அத்தாண்ட செல்வி, இப்டிக்கா அல்லாம் நானு. தோ, அந்த மூலையில கோணலா கீது பாரு, அது நீ வெச்சது. அதுல நாங்க கையே வெக்கல."

ஆக, ஆளுக்கொரு வரிசைக்குப் பொறுப்பு ஏற்றதில், யாரும் பொறுப்பேற்காத மூட்டைகள் தனியாக நின்றுவிட்டன. அவைதான் பொறுப்புள்ளவை. (இந்த வாக்கியத்தை அன்று இன்னாவுக்கு ஆங்கிலத்தில் சொல்ல முயன்று பாதியில் கைவிட்டேன்.)

பிரிக்க ஆரம்பித்தார்கள். கன்னியம்மாக்கா நூலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மூட்டை வாய் சர்ரென்று திறக்கும். உள்ளேயிருந்து மஞ்சள் சீட்டு ஒன்று வரும். இன்னா அதை வாங்கித் தன் நோட்டோடு ஒத்துப் பார்த்து டிக் அடிப்பார். முதல் மூட்டையில் சீட்டு வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். பத்தாவதுக்கு விசில் பறந்தது. முப்பதைத் தாண்டியபோது முதலாளியே எண்ண ஆரம்பித்துவிட்டார், கத்தித்தான். நாற்பத்தொன்பது, ஐம்பது! இன்னாவும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னா, அடுத்தது!" என்று கன்னியம்மாக்கா கத்தினால், அது யாரைக் கூப்பிடுகிறது, எதைக் கேட்கிறது என்று இப்போது யாருக்கும் கவலை இல்லை. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.

அதோடு மூலை காலியாகிவிட்டது.

அறுபதாவது மூட்டை இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார், நான் கன்னியம்மாக்காவைப் பார்த்தேன். கன்னியம்மாக்கா கூரையைப் பார்த்தார்.

"அக்கா..."

"இல்லம்மே, கொண்டக்கடல வாங்க மறந்துட்டோம். பூஜைன்னா சுண்டல் வோணும்ல? குடோன் நெறைய பயிறு கீது, நமக்கு இன்னா கொறைன்னு ஒரு மூட்டையப் பிரிச்சு மூணு படி எடுத்துகினோம். மிச்சம் அடுப்பாண்ட கீது."

"நானூறு மூட்டை இருக்கச் சொல்ல அதுலதான் கை வெக்கணுமா?" என்று முதலாளி அலறினார்.

கன்னியம்மாக்காவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "இன்னா சார் பேசற? மெர்சிதானே சொல்லிச்சு, அதான் மருந்து அடிக்காத நல்ல பயிறுன்னு. சாமிக்கிப் படைக்கிறத கலீஜ் பயிறுலயா செய்வாங்க? சீட்டு இன்னாத்துக்குன்னு தெரியல, அது அடுப்புல பூட்ச்சு."

அதையும் மொழிபெயர்த்தேன். இன்னா கேட்டார்: "அப்படியென்றால், வாசலில் நான் சாப்பிட்டது?"

"அதுதான், மேடம்."

"இரண்டு தொன்னை."

"யெஸ் மேடம்."

முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு நோட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்றுதான் முனியம்மா தண்ணீர் எடுக்க ஓடினாள். சிரிப்பு. மூச்சு திணறத் திணற, கண்ணில் நீர் வழிய, ஐந்து நிமிடம் சிரித்தார். அவரைப் பார்த்துப் பன்னிரண்டு பேரும் சிரிக்க, கவுஸ் பாய் சிரிக்க, கடைசியில் முதலாளியும் மூட்டை மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு இன்னா அங்கேயே அறிக்கை எழுதினார். அதன் நகல் என்னிடம் வெகு காலம் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'ஐம்பத்தொன்பது மூட்டை சரிபார்க்கப்பட்டது. ஒரு மூட்டை ஏற்கப்படவில்லை. அதன் ஒரு பகுதியை ஊழியர்களும் நானும் சாப்பிட்டுவிட்டோம். குறியிடும் முறை மோசம். சரக்கை அறிந்தவர்கள் மூட்டை பிரிப்பவர்கள். அவர்களுக்கு எல்லாம் சொல்லப்பட வேண்டும்.'

ஆர்டர் வந்தது. மூட்டைகளுக்குப் பச்சைக் கயிறு கட்டுவது என்று முடிவாயிற்று, அதை முடிவு செய்தது கன்னியம்மாக்கா. அந்தப் பன்னிரண்டு பேரும் ரோலில் ஏறினார்கள். எனக்கும் காகிதம் வந்தது, ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு சேர்த்து ஒரே கவரில். வீட்டுக்கு வந்து எல்லாக் கதையையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஏனென்றால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தத் தப்புக்கும் குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, திருவொற்றியூருக்குக் குடி வந்த பிறகும் இதே கதைதான். ரிமோட் உடைந்தாலும் சரி, ஃபிரிட்ஜ் கதவு திறந்து கிடந்தாலும் சரி, "யார் இதுக்குப் பொறுப்பு?" என்று நான் வாயைத் திறந்தால் போதும், புருஷன், மகன், மகள், எங்களோடு இருக்கும் நைனா, நாலு பேரும் பட்டென்று கை தூக்குவார்கள். "நான் பொறுப்பு! இந்த வரிசை அல்லாம் நான் வெச்சது!" "பூனையும் நான்தான்!" அதற்குமேல் யாரைத் திட்டுவது?

போன வாரம் அடுப்பில் பால் தீய்ந்து, வீடு முழுக்கப் புகை. நான் சமையலறையிலிருந்து கத்தினேன். கூடத்தில் நாலு கையும் மேலே போயின. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடியில் நின்று அரை மணி நேரம் போனில் கன்னியம்மாக்காவோடு பேசிக்கொண்டிருந்தது நான்தான். சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். நாலு பேர் ஏற்கெனவே பொறுப்பு எடுத்துக்கொண்ட பிறகு ஐந்தாவதாக நான் எதற்கு என்று, பாத்திரத்தை ஊறப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.